பெட்டிக்குள் கிடக்கும் பிலிம் கேமராவும் உங்கள் புதிய கம்ப்யூட்டரும்

கொல்லிமலை தேவனூர் நாட்டில் இருக்கும் என் பெரியப்பா சென்ற ஆண்டு ஒரு லேப்டாப் வாங்கினார். மிளகு, காபிக் கணக்கு எழுதலாம், மகளின் படிப்புக்கும் ஆகும் என்று. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அதை மடியில் வைத்தே கொண்டு போனவர் அவர். விடுமுறைக்கு நான் போயிருந்தபோது, தகரப் பெட்டியில் இருந்து வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். அவிழ்த்தால் ஒரு கோடக் கேபி10 கேமரா.

"ஏன் தம்பி, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே நீ? இதுக்கு ஒயரு எங்க சொருகறது? உள்ள இருக்கற போட்டோவெல்லாம் இதுல ஏத்திக் குடு."

சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானதுதான். செல்போனை ஒயரில் மாட்டினால் படம் வருகிறது. கேமராவை மாட்டினால் ஏன் வராது? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரின் வீட்டில் இப்படி ஒரு பிலிம் கேமரா பீரோவிலோ பரணிலோ இருக்கும். அதில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர முடியுமா என்றால், முடியும். ஒயர் மட்டும் கிடையாது. நடுவில் சில வேலைகள் இருக்கின்றன. அதில் முதல் வேலையையே நான் தவறாகச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேமராவின் எண் 27ல் நின்றிருந்தது. அதைப் பார்க்காமல், உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்துப் பின்மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே பிலிம். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி. உடனே மூடினேன். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதுல அம்மா இருந்துச்சு" என்றார்.

2005ல் இறந்துபோன என் பாட்டியைத்தான் சொன்னார். பாட்டிக்கு வாக்காளர் அட்டையில் உள்ள, கட்டைவிரல் அளவுப் படத்தைத் தவிர வேறு போட்டோ கிடையாது. 2004ல் ஊர்ப் பஸ்ஸில் இறங்கி வாங்கி வந்த ஒரே பிலிம் ரோலில் பெரியப்பா பாட்டியை எடுத்திருக்கிறார். ரோல் முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு கேமராவே மறந்துபோயிருக்கிறது.

திறப்பதற்கு முன்

எனவே முதல் பாடம் இது. பழைய கேமரா எதுவானாலும் பின்மூடியைத் தொடாதீர்கள். மேலே இடது ஓரத்தில் பிலிமைத் திரும்பச் சுற்றும் சிறிய கைப்பிடி இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். இழுத்துப் பிடிப்பது போல் இருந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் பெரும்பாலும் இல்லை. சில கேமராக்களில் பின்மூடியில் சிறு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே மஞ்சள் அல்லது பச்சை டப்பா தெரிகிறதா என்றும் பார்க்கலாம். மோட்டார் வைத்த கேமராவாக இருந்தால் புது பேட்டரி போட்டு, எண் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

பிலிம் இருந்தால், அடியில் உள்ள சிறு பட்டனை அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். கடைசியில் பிடி விட்டதுபோல் லேசாகச் சுழலும். அதற்குப் பிறகும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டு, இருட்டான அறையில் திறங்கள்.

என்னைப் போல் திறந்துவிட்டால் எல்லாமே போயிற்றா? இல்லை. இங்கே கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கேபி10 போன்ற கேமராவில் எடுத்து முடித்த பிலிம் வலப்பக்க உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும். வெளிச்சம் படுவது மேல் சுற்றுகளில்தான். கடைசியாக எடுத்த படங்கள்தான் மேலே இருக்கும். முதலில் எடுத்தவை உள்ளே பத்திரமாக இருக்கும். மோட்டார் வைத்த சில கேமராக்கள் நேர்மாறாக வேலை செய்யும். ரோல் போட்டவுடன் பிலிம் முழுவதையும் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அதை டப்பாவுக்குள் திரும்ப இழுத்துவிடும். எண்ணும் 24, 23, 22 என்று இறங்கிக்கொண்டே வரும். அந்த வகையில் திறந்தால் எடுக்காத பிலிம்தான் வீணாகும். இதை யோசித்தவர் வீட்டில் யாரோ என்னைப் போல் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ரோலில் பாட்டி முன்னால் இருக்கிறாரா, பின்னால் இருக்கிறாரா? பெரியப்பாவுக்கு நினைவில்லை. ரோலைச் சுற்றி எடுத்துக்கொண்டு பெங்களூர் வந்தேன்.

இந்தச் சிறிய கேமராக்களின் கதை

பிலிம் கழுவி வருவதற்குள் இந்தக் கேமராக்களைப் பற்றிச் சொல்கிறேன். தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

நம் நாட்டில் ஒரு தலைமுறைக்குக் கேமரா என்றாலே ஆக்பா கிளிக் 3 தான். இந்தியாவிலேயே தயாரானது. 120 என்ற அகலமான ரோலில் 12 சதுரப் படங்கள் எடுக்கும். அதன் தம்பி ஐசோலி அதே ரோலில் 16 படம் எடுக்கும். 1980களில் ஹாட் ஷாட் வந்தது. பிறகு யாஷிகா எம்எப்2. வெளிச்சம் போதாவிட்டால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பிளாஷைத் தூக்கிவிட வேண்டும். அதற்கும் பிறகு வந்தது கேபி10. பிலிமும் தமிழ்நாட்டிலேயே தயாரானது. ஊட்டியில் 1960ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. டிஜிட்டல் வந்த பிறகு அது மூடப்பட்டுவிட்டது.

வெளிநாடுகளில் இன்னும் விசித்திரமானவை உண்டு. ஜப்பானில் 1959ல் வந்த ஒலிம்பஸ் பென், சாதாரண பிலிம் சட்டத்தைப் பாதியாக வெட்டி, 36 ரோலில் 72 படம் எடுக்கும். அதை வடிவமைத்த மைதானி அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளைஞர். 6,000 யென்னுக்கு ஒரு நல்ல கேமரா வேண்டும் என்று தொடங்கியவர். ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக இருப்பது செலினியம் தகடு. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தயாரித்து மீட்டரை இயக்கும். இருட்டில் பட்டனை அழுத்தினால் வியூ பைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழும்பி மறுத்துவிடும். 1982ல் ஹாங்காங்கில் பிறந்த ஹோல்கா முழுக்கப் பிளாஸ்டிக். இடுக்குகளில் வெளிச்சம் கசியும். கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டுதான் பயன்படுத்துவார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பிரபலமானது லோமோ எல்சிஏ. 1984ல் அன்றைய லெனின்கிராடில் தயாராகத் தொடங்கிய சாதாரண சோவியத் கேமரா. ஜப்பானிய கோசினா ஒன்றைப் பார்த்துச் செய்தது. 1991ல் வியன்னா மாணவர்கள் சிலர் பிராக் நகரில் இதை வாங்கி, குறியே பார்க்காமல் இடுப்பில் இருந்தும் தலைக்கு மேலே இருந்தும் எடுத்துத் தள்ளினார்கள். படத்தின் மூலைகள் இருண்டு, வண்ணங்கள் அடர்ந்து வந்தன. குறை என்று ஒதுக்கியிருக்க வேண்டியதை ஸ்டைல் ஆக்கினார்கள். 1992ல் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். இன்று செல்போனில் நாம் தட்டும் "பழைய போட்டோ" பில்டர்கள் பலவும் இந்த வகைக் கேமராக்களைக் காப்பி அடித்தவைதான்.

இந்த ஆசை இன்னும் அடங்கவில்லை. பென்டாக்ஸ் நிறுவனம் 2024ல் பென்டாக்ஸ் 17 என்று புத்தம் புதிய அரைச்சட்டக் கேமராவையே கொண்டு வந்தது. என் கருத்து கேட்டால், இண்டர்நெட்டில் பெருவிலை கொடுத்துப் பழைய கேமரா வாங்காதீர்கள். முதலில் உங்கள் சித்தப்பா வீட்டுப் பரணைத் தேடுங்கள். பிலிமும் கழுவும் கூலியும் சேர்த்தாலே ஒவ்வொரு கிளிக்கும் ஒரு டீயைவிட அதிகம் ஆகிவிடும். மிச்சம் இருக்கும் காசு அதற்கு வேண்டும்.

டப்பாவின் மேல் ஒரு பைனரி

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்காக ஒன்று. 35 எம்எம் பிலிம் டப்பாவின் பக்கத்தில் வெள்ளியும் கறுப்புமாகச் சதுரங்கக் கட்டங்கள் இருக்கும். இது 1983ல் கோடக் கொண்டு வந்த டிஎக்ஸ் கோட். வெள்ளிக் கட்டத்தில் மின்சாரம் பாயும், கறுப்பில் பாயாது. அதாவது 1, 0. வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டம் பொதுவானது. மேல் வரிசையில் மீதி ஐந்து கட்டங்கள் பிலிமின் ஐஎஸ்ஓ வேகத்தைச் சொல்லும். கீழ் வரிசையில் மூன்று கட்டங்கள் எத்தனை படம் என்பதையும், இரண்டு கட்டங்கள் வெளிச்சம் கூடினால் குறைந்தால் எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்லும். கேமராவின் உள்ளே உள்ள சிறு ஊசிகள் இதைத் தொட்டுப் படித்துக்கொள்ளும். பத்தே பிட்டில் ஒரு தகவல் பலகை!

வேலை செய்கிறதா என்று பார்க்க

பிலிம் இல்லை என்று உறுதியான பிறகு பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியே ஜன்னலைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். ஒரு மின்னல் போல வெளிச்சம் தெரிந்தால் ஷட்டர் வேலை செய்கிறது. மலிவு கேமராக்கள் பலவற்றில் பிலிம் இல்லாமல் பட்டன் அழுந்தாது. கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தை விரலால் நகர்த்தினால் ஷட்டர் தயாராகும்.

பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். மூடியின் ஓரத்துக் கறுப்புப் பஞ்சு தாராகப் பிசுபிசுத்தால் வெளிச்சம் கசியும், மாற்ற வேண்டும். பிளாஷ் உள்ள கேமராவை மட்டும் ஸ்குரூ டிரைவர் கொண்டு பிரிக்கவே பிரிக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. மலையில் இது பெரிய தொல்லை. குளிர்ச்சி பிலிமுக்கு நல்லது, மூடுபனியின் ஈரம் லென்ஸுக்கு ஆகாது. தோல் உறையில் வைக்காதீர்கள். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை. படத்தின் மூலையில் தேதி அச்சிடும் கேமரா உங்களிடம் இருந்தால் ஆண்டை மாற்றிப் பாருங்கள். பலவற்றில் 2019க்கு மேல் போகாது. செய்தவர்கள் அதற்கு மேல் யார் இதை வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நம் ஒய்டுகே கதைதான்.

நெகட்டிவில் இருந்து கம்ப்யூட்டருக்கு

கலர் பிலிம் கழுவும் முறைக்கு சி41 என்று பெயர். டெவலப்பர் திரவம் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும்; நேரம் மூன்றேகால் நிமிடம். எந்தக் கம்பெனி கலர் நெகட்டிவ் ஆனாலும் பொதுவாக இதே முறைதான். பெருநகரங்களில் கழுவித் தரும் லேப்கள் இப்போதும் இருக்கின்றன. கொரியரில் அனுப்பலாம். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பழைய ரோல் என்பது ஒன்று, நெகட்டிவைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டும் என்பது மற்றொன்று. ஸ்கேன் செய்த பைல் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மூலம் நெகட்டிவ்தான்.

வீட்டில் உள்ள சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்பாகத்தான் வரும். பேப்பருக்கு வெளிச்சம் கீழே இருந்து பட்டுத் திரும்பினால் போதும். நெகட்டிவுக்கு மேலே இருந்து ஊடுருவி வர வேண்டும். மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் தேவை.

எத்தனை டிபிஐ? நெகட்டிவின் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர்தான். 300 டிபிஐ வைத்தால் 283க்கு 425 பிக்செல் கிடைக்கும். தபால் தலைக்கே போதாது. 2400 வைத்தால் 2268க்கு 3402. கிட்டத்தட்ட 7.7 மெகா பிக்செல். வீட்டுத் தேவைக்கு இது தாராளம். பைல் வகை டிப் ஆக இருக்கட்டும். ஒரு படம் 8 பிட்டில் 23 எம்பி, 16 பிட்டில் 46 எம்பி வரும். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 16 பிட்டில் 65,536. நல்ல படத்துக்கு 8 போதும். வெளிறிப்போன பழைய ரோலுக்கு 16 வையுங்கள். மங்கலில் இருந்து முகத்தை இழுத்து எடுக்க அந்தப் படிகள் வேண்டும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். இருட்டு அறையில் ஒரு டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழுப் பிரகாசத்தில் வையுங்கள். நெகட்டிவை அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்க வேண்டும். ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். மேலே இருந்து செல்போனில் நேராகப் படம் எடுங்கள். ஓரத்தில் உள்ள எழுத்துகள் நேராகப் படிக்கும்படி இருக்கட்டும்.

அடுத்து ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் பைலைத் திறங்கள். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் வெள்ளைப் புள்ளியைத் தேர்வு செய்யும் டிராப்பரை எடுத்து, படம் இல்லாத ஆரஞ்சு ஓரத்தில் கிளிக் செய்யுங்கள். ஆரஞ்சு வெள்ளையாகிவிடும். ஓகே தந்துவிட்டு, அதே கலர்ஸ் மெனுவில் இன்வெர்ட். நெகட்டிவ் போட்டோவாக மாறுவதை முதல் முறை பார்க்கும்போது நீங்கள் கொஞ்சம் சத்தம் போடுவீர்கள். மறுபடி லெவல்ஸ் போய் ஆட்டோ கொடுத்தால் வண்ணமும் ஓரளவு சரியாகும்.

27 படங்கள்

எங்கள் ரோலில் கடைசி ஐந்து படங்கள் இல்லை. நெகட்டிவில் முழுக் கறுப்பு. அதற்கு முந்தைய ஆறு படங்களின் ஓரங்களை ஆரஞ்சு வெளிச்சம் தின்றிருந்தது. முதல் 16 பிழைத்தன. 20 வருடத்துக்கு மேல் ஆனதால் புழுதிக் காற்றில் எடுத்தது போல் நிறம் மங்கி, மணல் மணலாக இருந்தன. செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாக் கூட்டம், ஒரு காளை, பஸ்ஸின் முதுகு, யாரென்றே தெரியாத ஒரு சிறுவன். பிறகு அது நான்தான் என்றார்கள்.

பாட்டி இரண்டு படத்தில் இருந்தார். 11வது படத்தில் பலாமரத்தடியில் ஏழெட்டுப் பேரோடு நிற்கிறார்; முகம் அரிசி அளவு. 21வது படத்தில் கிட்டத்தில், முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இடது பாதியை வெளிச்சம் எடுத்துக்கொண்டுவிட்டது. முகம் தப்பியது. 16 பிட்டில் மறுபடி ஸ்கேன் செய்து லெவல்ஸ் கோட்டை நகர்த்த நகர்த்த, கண்ணும் நெற்றியும் வந்தன.

மலைக்குக் கொண்டு போய் லேப்டாப்பில் காட்டினேன். பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அம்மா இல்ல."

எனக்குத் திக் என்றது.

"மூக்குத்தி மாறியிருக்கு பாரு. அம்மாவுக்கு வலப்பக்கம்."

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறேன். இமேஜ் மெனுவில் டிரான்ஸ்பார்ம், அதில் பிளிப் ஹாரிசாண்டல். ஒரு கிளிக்கில் மூக்குத்தி வலப்பக்கம் போயிற்று. பெரியப்பா திரையின் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போனார்.

"இதுக்கப்புறம் சிரிச்சாப்ல ஒண்ணு எடுத்தேனே?"

அந்த ஐந்தில் இருந்திருக்கும். நான் திறந்ததால் போயிற்று என்று சொன்னேன். "சரி விடு சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரு வேலை மீதி இருந்தது. ஸ்கேன் செய்த படத்துக்குக் கம்ப்யூட்டர் அன்றைய தேதியைத்தான் போடும். அப்படியே விட்டால் 2004ல் எடுத்த படம் ஆல்பத்தில் நேற்று எடுத்த படங்களோடு போய் உட்காரும். விண்டோஸில் பைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ் டேப். அங்கே டேட் டேக்கன் என்ற வரியில் கிளிக் செய்தால் தேதியை மாற்றலாம்.

எந்த மாதம் என்று தெரியவில்லை. "பலா பழுத்துக் கிடக்கு பாரு, ஆனி மாசமா இருக்கும்" என்றார் பெரியப்பா. ஜூன் என்று வைத்துக்கொண்டோம். மகள் டைப் செய்யக் கை நீட்டினாள். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணையும் தேடித் தேடி, அவரே அடித்தார்.

இப்போது கேபி10ல் புது ரோல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் போன் செய்தபோது எண் 6ல் இருப்பதாகச் சொன்னார்.